திருத்துறைப்பூண்டி நினைவிடம்

(பீர்க்கன்கரணையில் கூடிய நமது சங்க மாதக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



நம் மாணவரை இவ்வாண்டு எவ்விடத்திற்கு அழைத்துச் செல்வதென்னும் ஆலோசனையில், திருத்துறைப்பூண்டியிலுள்ள பி. சீனிவாசராவ் நினைவிடத்தை யான் குறித்தேன். 'அவர் நம்மவர் அல்லரே. சங்கப் பொருளை அதற்குச் செலவிடலாமோ?' என்று அன்பர் சிலர் வினவினர். வினா நேர்மையானதே. அதற்கு விடையாகச் சில சொல்லுகின்றேன்.

அவர் நம்மவர் அல்லர் என்பது மெய். அம்மட்டோ? தஞ்சை நாட்டினரும் அல்லர். 1907-இல், கன்னடம் பேசும் அந்தணர் குடியிற் பிறந்தவர். கல்லூரிப் படிப்பை விடுத்து நாட்டு விடுதலைப் போரிற் புகுந்தார். பின்னர்க் கம்யூனிஸ்டுக் கட்சியைச் சார்ந்து, 1943-இல் தஞ்சை மாவட்டம் போந்தார். மன்னார்குடியை அடுத்த தென்பரையிலே அவ்வாண்டே விவசாயிகள் சங்கம் அமைந்தது. தமக்கு எளிதில் வாராத தமிழிலே பேசிக்கொண்டு, சேரிக் குடிசைகளிலே உண்டு உறங்கினார். அக்காலத்தில் ஓர் அந்தணர் அங்ஙனம் செய்தல் எத்துணைப் பெரிய துணிவென்பதை நம் முதியோர் அறிவர்.

பண்ணையாள் என்பான் யாவன்? வாங்கிய கடனும் குடியிருந்த மனையும் தளையாக, தலைமுறை தலைமுறையாக ஒரு மிராசுதாரின் வயலுக்கே உரியவனாய்க் கிடந்தவன். வேலைக்குச் சற்றுப் பிந்தினாலும் சவுக்கடி; சாணத்தைக் கரைத்துக் குடிப்பித்தலும் உண்டு. அதனைச் 'சாணிப்பால்' என்றனர். பால் என்னும் இனிய சொல்லை இதற்குச் சூட்டிய நாவினை என்னென்பது! உழவின் பெருமையைப் பேசும் பாடநூல்களிற் பல, உழுதவன் முதுகின் தழும்பைப் பேசக் காணோம். அடித்தால் வாங்கிக்கொள்ளாதீர், ஒன்றாய்ச் சேருங்கள் என்று அவர் கற்பித்ததாக அம்மாவட்டத்தார் இன்றும் சொல்லுவர்.

இயக்கத்தின் பயனாகச் சட்டமும் வந்தது. தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-இல், இராசாசி முதலமைச்சராயிருந்த போது, முதலில் அவசரச் சட்டமாகப் பிறந்தது. குத்தகைதாரர்க்கு விளைவில் ஐந்திலிரண்டு பங்கு என்றும், பண்ணையாளைக் காரணமின்றி நீக்கலாகாதென்றும் விதித்தது. ஆயினும் ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது 6⅔ ஏக்கருக்கு, மேற்பட்ட நிலமுடையார்க்கே அது பொருந்தும். சட்டம் வந்த பின்னும் 1968 திசம்பர் 25-இல் கீழ்வெண்மணியிலே கூலி கேட்டவர் குடிசையில் 44 உயிர்கள் தீக்கிரையாயின. சீனிவாசராவ் அதனைக் காண இருந்திலர். நில உச்சவரம்புச் சட்டத்தின் குறைகளை எதிர்த்துப் போராட்டம் நடந்த 1961-இல், செப்டம்பர் 30-ஆம் நாள் மறைந்தார்.

வட அமெரிக்காவிலே, கலிபோர்னியாவின் கீன் என்னும் ஊரில், பண்ணைத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேசு வாழ்ந்து அடக்கமான இடத்தை அந்நாட்டரசு 2012-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது. அங்கே அவருடைய அலுவலறையைப் போற்றி வைத்துள்ளனர். நம் மாணவர்க்கோ கட்டடம் மட்டும் போதாது. தென்பரை வயல்களையும் காட்டல் வேண்டும்.

இனி, 'நம்மவர்' என்னும் சொல்லுக்கு வருகின்றேன். நம் முன்னோருள் நிலமுடையாரும் இருந்தனர். அவர் வயலிற் கூலிக்கு நாற்று நட்டாரும் இருந்தனர். நம் சங்க மலர்களைப் புரட்டுமின்! முன்னவர்தம் படங்கள் பக்கந்தோறும் உள; பின்னவருள் ஒருவர் பெயரேனும் உண்டோ? பீர்க்கன்கரணை ஏரியின் கீழிருந்த வயல்கள் மனைகளாயின. 2021-இல் நம் ஊர் தாம்பரம் மாநகராட்சியுட் சேர்ந்தது. அவ்வயலில் குனிந்து நின்ற பாட்டியர் சிலர் இன்னும் நம் வீடுகளில் உளர். அவர்களுக்கும் உரிய சங்கமாயின், சீனிவாசராவ் நமக்கு அயலார் ஆதல் எங்ஙனம்?

தாம்பரத்திலிருந்து திருத்துறைப்பூண்டி வழியாகப் புகைவண்டி செல்லுகின்றது. மாணவர் புறப்படுமுன், தத்தம் பாட்டியரிடம் பழைய கூலி எத்தனை மரக்கால் என்று கேட்டு எழுதிவருக. அக்குறிப்புகளை அடுத்த இதழில் வெளியிடக் காரியதரிசியவர்கள் இரண்டு பக்கம் ஒதுக்கித் தருதல் வேண்டும்.