கணினிக் காலத்துக் கல்லூரி ஆசிரியர்



ஆசிரியப் பணிக்கு வருவோர் தமக்குரிய பாடத்தை ஐயமறக் கற்றிருக்க வேண்டும் என்பதை நம் நாட்டில் யாரும் மறுத்ததில்லை. கற்றதைப் பிறர் உள்ளத்தில் பதியவைக்கும் முறையையும் அவர்கள் தனியே பயில வேண்டும் என்ற எண்ணமோ நம் பல்கலைக்கழகங்களில் காலந்தாழ்த்தியே வேரூன்றியது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின்னரே பல்கலைக்கழக மானியக் குழு கல்லூரி ஆசிரியர்களுக்கெனப் பயிற்சி நிலையங்களை நாடெங்கும் ஏற்படுத்தத் தொடங்கியது. அவை 2023 முதல் மாளவியா இயக்கத்தின் ஆசிரியர் பயிற்சி மையங்கள் என்னும் பெயரில் இயங்கி வருகின்றன. அத்தகைய பயிற்சியில் கணினியும் இணையமும் எவ்விடத்தைப் பெற வேண்டும் என்பதே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருளாகும்.

முதலில் நம்மிடம் உள்ள செல்வத்தைக் கணக்கெடுப்போம். ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் கூடி 2003இல் தொடங்கிய ‘என்.பி.டி.இ.எல்.’ திட்டம் சிறந்த பேராசிரியர்களின் விரிவுரைகளை எவரும் கட்டணமின்றிக் காணும்படி இணையத்தில் வைத்திருக்கிறது. 2017 ஜூலையில் ‘சுவயம்’ என்னும் பாடமேடை தொடங்கப்பெற்றது. கரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கிய தேசிய டிஜிட்டல் நூலகம் 2018 ஜூனில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்றது. ஒரு பருவத்தில் ஒரு படிப்புக்குரிய பாடங்களில் நூற்றுக்கு நாற்பது வரை சுவயம் வழியே பயிலலாம் என்று மானியக் குழு 2021இல் விதி வகுத்தது. அதற்குமுன் அந்த வரம்பு இருபதாக இருந்தது.

இவ்வளவும் இருக்கும்போது வகுப்பில் நிற்கும் ஆசிரியர் எதற்கு என்ற வினா எழுவது இயல்பே. அவ்வினா ஆசிரியர் பலரின் மனத்தில் அச்சமாகவும் குடிகொண்டிருக்கிறது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டபோது, போதிய ஆயத்தமின்றியே அனைவரும் திரைமுன் அமர நேர்ந்தது. அன்று பெரும்பாலும் நடந்தது, கரும்பலகையின் முன் ஆற்றிய விரிவுரையைக் கைப்பேசியின் முன் ஆற்றியதே. கருவி மாறியது, கற்பிக்கும் முறை மாறவில்லை.

சுவயம் பாடம் ஒவ்வொன்றும் நான்கு பகுதிகளாக அமைந்துள்ளது. காணொளி விரிவுரை, படிப்பதற்குரிய பாடக்குறிப்பு, தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் வினாக்கள், ஐயம் தீர்க்கும் கலந்துரையாடல் என்பன அவை. முதல் மூன்றையும் ஒருமுறை ஆக்கிவைத்தால் ஆண்டுக்கணக்கில் பயன்தரும். நான்காவதை அவ்வாறு ஆக்கிவைக்க இயலாது. மாணவன் எவ்விடத்தில் தடுமாறினான் என்பதை அறிந்து, அவ்விடத்திலிருந்து அவனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவரை ஆயத்தம் செய்வதே பயிற்சியின் தலையாய நோக்கமாக இருத்தல் வேண்டும்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் தெளிவான பாடம் ஒன்று உண்டு. பம்பாய் ஐ.ஐ.டி.யின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டத்தில், கணினி மென்பொருள்களைக் கற்பிக்கும் சிறு படங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழப் பத்து நிமிடம் ஓடும். திரையில் தோன்றும் காட்சி மாறாதிருக்க, குரல் மட்டும் தமிழ் முதலிய இந்திய மொழிகளில் ஒலிக்கிறது. ஆங்கில ஏவல் வாக்கியத்தில் வினை முதலில் வரும். தமிழிலோ அது இறுதியில் நிற்கும். ‘அழுத்துக’ என்னும் சொல் செவியில் விழுமுன் திரையில் அச்செயல் முடிந்திருக்கவும் கூடும். ஆதலால் வாக்கியத்தைச் சுருக்கி, காட்சியின் ஓட்டத்தோடு இணைத்தாலன்றி அப்பெயர்ப்பு கேட்போனுக்குப் பயன்படாது. அகராதி கைவசம் இருப்பதால் மட்டும் ஒருவர் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடார் அல்லவா?

ஆசிரியர் செய்ய வேண்டியதும் இதைப் போன்றதொரு பெயர்ப்பே. தில்லிக் கல்லூரி ஒன்றில் இந்தியும் பஞ்சாபியும் தமிழும் வங்காளமும் தாய்மொழியாகக் கொண்ட மாணவர்கள் ஒரே ஆங்கில விரிவுரையைக் கேட்கிறார்கள் என்று கொள்வோம். பயிற்சி பெற்ற ஆசிரியர் அந்த ஒரு மணி நேர விரிவுரையை முழுவதும் ஓடவிடமாட்டார். தம் வகுப்புக்குத் தேவையான பத்து நிமிடப் பகுதியைத் தேர்வார். அதை முன்னரே வீட்டில் பார்த்து வரச் சொல்வார். வகுப்பில் ஒரு கணக்கையோ வினாவையோ கொடுத்து, முதலில் தனித்தும் பிறகு இருவர் இருவராகவும் சிந்திக்கச் செய்வார். கைப்பேசி ஒன்றே உடைய மாணவனுக்கு எழுத்து வடிவக் குறிப்பைத் தருவார். செவிப்புலன் குறைந்த மாணவிக்குத் திரையில் எழுத்து ஓடுகிறதா என்று பார்ப்பார். எந்தப் பாடப்பொருளைத் திருத்திப் பயன்படுத்த உரிமம் இடந்தருகிறது என்பதையும் அறிந்திருப்பார்.

இவற்றை விரிவுரையாகக் கேட்டுக் கற்பது அரிது. பயிற்சிக்கு வரும் ஆசிரியர் சில நாளேனும் மாணவராகவே இருந்து, இம்முறையில் தாமே பயின்று பார்த்தல் நன்று. பின்னர்த் தம் பாடங்களுள் ஒன்றை இவ்வாறு அமைத்து, ஒரு பருவம் நடத்தி, விளைவைச் சக ஆசிரியர்களிடம் கூறவும் வேண்டும். பதவி உயர்வுக்கான சான்றிதழ் கோப்பில் சேர்ந்ததும் பயிற்சி முடிந்தது எனக் கொண்டால், செலவிட்ட பொருளும் காலமும் வீணாகும். இத்தகைய பாடத்தை ஆயத்தம் செய்வதற்கு வேண்டிய நேரத்தை ஆசிரியரின் வேலைக் கணக்கில் சேர்ப்பது நிர்வாகத்தின் கடமையாகும்.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்களில், பிள்ளைகளின் கல்வியே நாம் ஈட்டும் பெருஞ்செல்வம். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது அங்கே எத்தனை கணினிகள் உள்ளன என்று கேட்கிறோம். பிள்ளை மாலையில் வீடு திரும்பியதும் வேறொரு வினாவையும் கேட்டுப் பார்ப்போம்: “பாடம் பார்த்து முடித்த பிறகு, ஆசிரியர் உங்களிடம் என்ன கேட்டார்?” அவ்வினாவுக்குப் பிள்ளை உற்சாகத்தோடு விடை கூறுமாயின், அக்கல்லூரியின் கணினிகள் நல்லவர் கையில் இருக்கின்றன என்று நாம் அமைதி கொள்ளலாம்.