காந்தம் அசைந்தால் மின்சாரம் பிறக்கும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தெருவிளக்கு, குடிநீர்த் தொட்டி, கிணற்று மோட்டார் ஆகிய மூன்றையும் இயக்குவது மின்சாரம். அது எவ்வாறு பிறக்கிறது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் உரிய பாடம் அன்று. அதை அறிந்த ஊரார் ஒரு தொழிலாளியின் உயிரைக் காக்க முடியும். ஆகவே அதனைச் சிறிது விளக்கமாகக் காண்போம்.

இங்கிலாந்தில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்து, புத்தகம் பைண்டு செய்யும் தொழிலைப் பயின்றவர் மைக்கேல் பாரடே. மின்சாரம் ஓடும் கம்பியின் அருகே காந்த முள் திரும்புகிறது என்பது 1820ஆம் ஆண்டிலேயே தெரிந்திருந்தது. மின்சாரம் காந்த சக்தியைத் தருமாயின், காந்தம் மின்சாரத்தைத் தாராதோ என்று பாரடே ஆராய்ந்தார்.

1831ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் தனித்தனியே கம்பிகளைச் சுற்றினார். ஒரு சுருளைப் பாட்டரியோடு இணைத்தார். மற்றதன் கம்பியை ஒரு காந்த முள்ளின் அருகே கொண்டு சென்றார். இணைத்த கணத்தில் முள் துள்ளியது. உடனே பழைய நிலைக்குத் திரும்பியது. பாட்டரி இணைந்திருந்த நேரமெல்லாம் முள் அசையவில்லை. இணைப்பை நீக்கிய கணத்தில் மீண்டும் எதிர்த் திசையில் துள்ளியது! அவ்வாண்டு அக்டோபரில், கம்பிச் சுருளுக்குள் ஒரு காந்தத்தை நுழைத்தும் வெளியே இழுத்தும் பார்த்தார். காந்தம் நகரும்போது மட்டுமே மின்சாரம் ஓடியது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? காந்தம் அருகில் இருப்பது மட்டும் போதாது. காந்த சக்தி மாறிக்கொண்டே இருக்க வேண்டும். தயிர்ப் பானையில் மத்து சும்மா நின்றால் வெண்ணெய் திரளுமா? கடைந்தால் அன்றோ திரளும்! கடைபவருக்குக் கை வலிப்பதுபோல, இங்கும் உழைப்பின்றி மின்சாரம் கிடைப்பதில்லை. மிதிவண்டியில் டைனமோவைச் சக்கரத்தோடு பொருத்தினால் மிதிப்பது சற்றுக் கடினமாவதை நம்மில் பலர் உணர்ந்திருக்கிறோம். அதனுள்ளே காந்தம் சுழல்கிறது, விளக்கு எரிகிறது. வண்டி நின்றால் விளக்கும் அணைகிறது.

1932ஆம் ஆண்டில் நீலகிரி மாவட்டத்துப் பைக்காராவில் தொடங்கிய நீர்மின் நிலையம் இவ்விதியைக் கொண்டே இயங்குவது. அங்கே மலையிலிருந்து விழும் நீர் சக்கரத்தைச் சுழற்றுகிறது. ஆரல்வாய்மொழியில் காற்று சுழற்றுகிறது. அனல் மின் நிலையங்களில் நீராவி சுழற்றுகிறது. சூரிய ஒளித் தகடு மட்டும் வேறு வழியில் மின்சாரம் தருவது.

இனி நம் ஊர் எல்லையில் நிற்கும் டிரான்ஸ்பார்மருக்கு வருவோம். அது பாரடேயின் வளையத்தின் பெரிய வடிவமே. அதனுள் இரும்பு உள்ளகத்தின்மேல் இருவகைச் சுருள்கள் உள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மின்சாரத்தை நேரே கொண்டு செல்லும் கம்பி கிடையாது. நம் மின்சாரம் ஒரு விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைவதால், காந்த சக்தியும் ஓயாது மாறுகிறது. அம்மாற்றம் மறு சுருளில் மின்சாரத்தை எழுப்புகிறது. 11,000 வோல்ட் அழுத்தத்தில் வருவது சுமார் 400 வோல்ட்டாகக் குறைந்து நம் மோட்டாருக்கு வருகிறது.

பெரியோர்களே, இங்குதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். டிரான்ஸ்பார்மருக்கு மேல் பக்கம், கீழ்ப் பக்கம் என்ற வேறுபாடு தெரியாது. எந்தப் பக்கம் மின்சாரம் நுழைந்தாலும் மறுபக்கத்தில் எழுப்பும். மின்தடை நேரத்தில் ஒருவர் தம் ஜெனரேட்டரை வீட்டு இணைப்பிலோ பம்பு செட்டு இணைப்பிலோ அப்படியே சேர்த்துவிடுகிறார் என்று கொள்வோம். அந்த மின்சாரம் ஊர்க் கம்பி வழியே டிரான்ஸ்பார்மரை அடைந்தால், அது பல்லாயிரம் வோல்ட்டாகப் பெருகி மேல் கம்பியில் ஏறக்கூடும். மின்சாரம் நிறுத்தப்பட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேனின் நிலை என்னவாகும்? கம்பிகளை நிலத்தோடு இணைத்துவிட்டு வேலை செய்வது அவர்களுடைய முறை. ஆயினும் அவர்களுக்கு ஆபத்தை அனுப்பாதிருப்பது நம் கடமை அன்றோ?

தடுக்கும் வழி எளிது. ஜெனரேட்டர் வைத்திருப்போர் மாற்றுச் சுவிட்சு ஒன்றைத் தகுதி பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பொருத்த வேண்டும். அது ஊர் மின்சாரத்தையோ ஜெனரேட்டரையோ ஏதேனும் ஒன்றை மட்டுமே இணைக்கும். இரண்டையும் ஒருசேர இணைக்காது. திருவிழாப் பந்தலுக்கும் திருமண மண்டபத்துக்கும் வாடகைக்கு வரும் ஜெனரேட்டரை எவ்வாறு இணைத்திருக்கிறார்கள் என்று பஞ்சாயத்தார் முன்னதாகவே கேட்டறிய வேண்டும். குடிநீர் மோட்டாருக்குப் பஞ்சாயத்தே ஜெனரேட்டர் வைத்திருந்தால், முதல் சுவிட்சு அங்கே பொருத்தப்படட்டும். அறுந்து விழுந்த கம்பியை, மின்தடை நேரம்தானே என்று எண்ணி எவரும் தொடலாகாது.

இச்செய்தியை அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எடுத்துரைக்குமாறு உங்களை வேண்டிக்கொள்கிறோம். ஒரு சுவிட்சின் விலை சிறிது. கம்பத்தின்மேல் நிற்பவரின் உயிர் பெரிது.