ஹபஷாவின் தலைநகரம் தரும் பாடம்

(அறக்கட்டளையின் மாதக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





லெப்பைக்குடிகாட்டிலும் வி.களத்தூரிலும் வளைகுடாவைப் பற்றித் தெரியாத வீடு இல்லை. ஆப்பிரிக்கா என்றால் மட்டும் நமக்குப் பஞ்சம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனாலும் மக்தபில் ஓதிய பிள்ளைகளுக்கு அங்கே ஒரு நாடு நன்றாகத் தெரியும். அதுதான் ஹபஷா, இன்றைய எத்தியோப்பியா.

கி.பி. 615இல் மக்காவின் கொடுமை தாங்காமல் ஸஹாபாக்கள் அங்கே ஹிஜ்ரத் சென்றார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி, குறைஷிகள் அன்பளிப்புகளோடு தூதர்களை அனுப்பினார்கள். நஜ்ஜாஷி மன்னர் ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லவில்லை. ஜஅஃபர் (ரலி) அவர்களையும் பேசச் சொன்னார். பிறகு அன்பளிப்புகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வந்தவர்களுக்கு அடைக்கலம் தந்தார்.

அன்றைய தலைநகரம் அக்ஸூம். இன்றைய தலைநகரம் அடிஸ் அபாபா, இரண்டாம் மெனலிக் மன்னர் காலத்தில் 1886இல் உருவானது. நம் ஊட்டியைவிட உயரத்தில், 2,300 மீட்டருக்கும் மேலே இருக்கும் ஊர். 1963 மே 25 அன்று 32 நாடுகள் அங்கே கூடி ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பைத் தொடங்கின. அதன் வழியில் வந்த ஆப்பிரிக்க ஒன்றியத்தில் இன்று 55 நாடுகள் உள்ளன. தலைமையகம் அடிஸ் அபாபாவில்தான். 1955 முதல் நடந்துவந்த சூடான் உள்நாட்டுப் போரை நிறுத்திய 1972ஆம் ஆண்டு ஒப்பந்தமும் அங்கேதான் கையெழுத்தானது.

ஊருக்கெல்லாம் பஞ்சாயத்துப் பேசும் அந்த வீட்டிலேயே 2020 நவம்பரில் சண்டை மூண்டது. திக்ரே பகுதியில் நடந்த போரில், நஜ்ஜாஷியின் பெயர் தாங்கிய நெகாஷ் ஊர்ப் பள்ளிவாசலும் சேதமடைந்தது. சமாதானப் பேச்சு அடிஸ் அபாபாவில் நடக்கவில்லை. ஒன்றியத்தின் நடுவர்கள் இரு தரப்பையும் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் உட்காரவைத்தார்கள். 2022 நவம்பர் 2 அன்று ஒப்பந்தம் ஆனது.

கவனியுங்கள்: அடுத்தவர் வழக்கைத் தீர்க்கத் தெரிந்தவருக்கும், தன் வீட்டு வழக்குக்கு வெளியாள் ஒருவர் வேண்டியிருக்கிறது.

நம் மஹல்லாக்களில் சொத்துப் பிரிவினை, குடும்பப் பிணக்கு, நிர்வாகத் தகராறு என்று எத்தனை வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுக்கின்றன! முத்தவல்லியே ஒரு தரப்புக்குச் சொந்தக்காரராக இருந்தால், பக்கத்து ஊர் ஜமாஅத்தில் இருந்து பொதுவான இருவரை அழையுங்கள். பெண்ணின் பேச்சை அவள் வாயாலேயே கேளுங்கள். தீர்ப்புக்கு முன் யார் வீட்டு விருந்துக்கும் போகாதீர்கள். முடிவை எழுதி, இரு தரப்பிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

இரு பக்கமும் கேட்கும் மனதை அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக, ஆமீன். வஸ்ஸலாம்.