கார்வாகி சாலையும் கேட்கப்படாத சம்மதமும்

ஊர்வலங்கள் ஏன் கலவரமாக முடிகின்றன என்று ஆராயக் கூடியிருக்கும் இந்தக் கருத்தரங்கின் தொடக்கத்தில் வட அயர்லாந்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பும், பெரும்பாலும் புராட்டஸ்டன்ட்களான யூனியனிஸ்டுகளுக்கும், ஒன்றுபட்ட அயர்லாந்தைக் கோரும், பெரும்பாலும் கத்தோலிக்கர்களான குடியரசுவாதிகளுக்கும் இடையே அங்கு நடந்த அணிவகுப்புச் சண்டைகளைத் தேசிய அடையாளங்களின் மோதல் என்று ஒரே வரியில் எழுதி முடிப்பது வழக்கமாகிவிட்டது. அந்த விளக்கம் போதாது என்பது என் கருத்து. அடையாளம் சண்டைக்குச் சூடு ஏற்றுகிறது, உண்மைதான். ஆனால் ஓர் ஊரில் அமைதியும் இன்னோர் ஊரில் கலவரமும் ஏற்படுவதற்குக் காரணம், தெருவில் குடியிருப்பவர்களைப் பேசத் தகுந்த தரப்பாக ஊர்வலக்காரர்கள் ஏற்றார்களா என்பதே.

போர்ட்டடவுன் நகரத்தைப் பாருங்கள். 1795-இல் அர்மா மாவட்டத்தில் தோன்றிய, யூனியனிஸ்டுகளின் ஆரஞ்சு சங்கத்துக்கு அந்த நகரம் கோட்டை. 1690-இல் பாய்ன் ஆற்றங்கரையில் மூன்றாம் வில்லியம் பெற்ற வெற்றியை ஜூலை 12 அன்று கொண்டாடும் சங்கத்தினர், அதற்கு முந்தைய ஞாயிறன்று டிரம்கிரீ தேவாலயத்துக்கு நடந்து சென்று வழிபாடு முடித்து, கத்தோலிக்கர் குடியிருக்கும் கார்வாகி சாலை வழியாகத் திரும்புவது வழக்கம். 1995-இல் காவல்துறை வழிமறித்தபோது மோதல் வெடித்தது. 1996-இல் தடை விதித்த காவல்துறை, யூனியனிஸ்ட் வன்முறை மாகாணம் முழுவதும் பரவியதும் சில நாட்களிலேயே பின்வாங்கிச் சாலையைத் திறந்துவிட்டது. 1997 ஜூலை 6 அன்று விடிவதற்கு முன்பே, ஊர்வலத்துக்கு வழிவிடக் காவல்துறை சாலைக்குள் புகுந்து மறியல் செய்த குடியிருப்போரை அகற்றியது. கவச வண்டிகள் தெருவை அடைத்து நின்றன. தங்கள் தேவாலயத்துக்குப் போக முடியாத கத்தோலிக்கர்கள் அந்த வண்டிகளின் முன்னாலேயே திறந்தவெளியில் திருப்பலி நடத்தினார்கள். ஒரு தரப்பின் ஞாயிறு வழிபாட்டுக்காக இன்னொரு தரப்பின் ஞாயிறு வழிபாடு தெருவுக்குத் தள்ளப்பட்டது. அந்தக் காலை முழுவதிலும் நடந்த அநீதிக்கு இதைவிடச் சான்று வேண்டாம் என்றே நினைக்கிறேன். 1998 முதல் அந்தச் சாலையில் ஆரஞ்சு அணிவகுப்பு போகவில்லை.

இதே காலத்து டெரி நகரத்தை அருகில் வைத்துப் பாருங்கள். 1688-இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் படை வந்தபோது நகர வாயில்களை அடைத்த தொழில்பயிலும் இளைஞர்களின் நினைவில் அமைந்த சங்கம் அங்கே அணிவகுக்கிறது. 1969 ஆகஸ்ட் 12 அன்று அதன் அணிவகுப்பையொட்டி எழுந்த மோதல்தான் போக்சைடு கலவரமாக மூண்டு, பிரிட்டிஷ் ராணுவத்தைத் தெருவில் இறக்கியது. அத்தனை கசப்பான வரலாறு இருந்தும், நகர வணிகர்கள் இடையில் நிற்க, அந்தச் சங்கத்தினர் குடியிருப்போர் பிரதிநிதிகளோடு பேசினார்கள். கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் நகரத்தில் அணிவகுப்பு நிலைத்துவிட்டது. போர்ட்டடவுன் சங்கத்தினரோ, குடியிருப்போர் பேச்சாளர் குடியரசுவாத வன்முறை வழக்கில் சிறை சென்றவர் என்று காரணம் சொல்லி நேரில் பேச மறுத்தனர். வடக்கு பெல்ஃபாஸ்டின் ஆர்டாய்ன் பகுதியில் 2013-இல் திரும்பும் ஆரஞ்சு ஊர்வலம் தடுக்கப்பட்டு, மூன்று ஆண்டுக்கு மேல் யூனியனிஸ்டுகளின் மறியல் முகாம் நீடித்தது. அதை முடித்ததும் 2016-இல் உள்ளூரில் பேசி எட்டிய உடன்பாடுதான். அடையாளம் எங்கும் ஒன்றுதான், விளைவுதான் மாறியது.

ஊர்வலக்காரர்களுக்குப் பாதையின் மேல்தான் கண் என்பதற்குப் பழைய சான்றும் உண்டு. 1849 ஜூலை 12 அன்று டவுன் மாவட்டத்தில் டாலீஸ் பிரே வழியாகப் போன ஆரஞ்சு ஊர்வலத்துக்குப் புதிய மாற்றுச் சாலை இருந்தது; முந்தைய ஆண்டு அதில்தான் போனார்கள். அப்படி ஒதுங்கிப் போனது கோழைத்தனம் என்ற ஏளனத்துக்குப் பிறகு, கத்தோலிக்கர் வாழும் பழைய பாதையிலேயே போனார்கள்; கத்தோலிக்க உயிர்கள் பலியாயின. மறுஆண்டே ஊர்வலங்களைத் தடுக்கும் சட்டம் வந்தது. 1872-இல் அது நீக்கப்பட்டது. ஒட்டுமொத்தத் தடை எதையும் தீர்க்காது என்பதையும் அந்த இருபத்திரண்டு ஆண்டுகள் காட்டிவிட்டன.

குடியிருப்போரோடு பேச வேண்டும் என்ற என் வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழலாம். பொதுச்சாலையில் நடக்க எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை, கேட்டால் அண்டை வீட்டாருக்கு ரத்து அதிகாரம் கொடுத்ததாகும் என்பது முதல் மறுப்பு. பேசுவது வேறு, ரத்து அதிகாரம் கொடுப்பது வேறு. 1998-ஆம் ஆண்டின் சட்டம் குடியிருப்போருக்கு ரத்து அதிகாரம் தரவில்லை; ஊர்வலத்தின் விளைவுகளை எடைபோட்டு நிபந்தனை விதிக்கும் பொறுப்பை அணிவகுப்பு ஆணையத்திடம் ஒப்படைத்தது. குடியிருப்போர் எதிர்ப்பே குடியரசுவாதக் கட்சியினர் திட்டமிட்டுக் கட்டியது என்பது இரண்டாவது. கட்டியமைத்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் டாலீஸ் பிரேயில் அந்தக் கட்சி இருந்ததா? அமைப்பு வந்த பிறகு குறை உண்டாகவில்லை, இருந்த குறையை அமைப்பு பயன்படுத்திக்கொண்டது. மூன்றாவது மறுப்புதான் கனமானது: பேசியும் பலனில்லாத இடங்கள் உண்டு, 2006-இல் டப்ளினில் யூனியனிஸ்டுகள் நடத்த முயன்ற பேரணி குடியரசுவாதக் கலவரத்தில் முடிந்ததே என்பார்கள். உண்மை, குடியரசுவாதிகளும் தெருவைத் தங்கள் சொத்தாக எண்ணுகிறார்கள். ஆனால் அதே அயர்லாந்துக் குடியரசில், டோனிகால் கடற்கரையில் உள்ள ராஸ்நௌலா ஊரில் ஆரஞ்சு அணிவகுப்பு ஆண்டுதோறும் அமைதியாக நடக்கிறது. அங்கு அந்த ஊர்வலம் யாரையும் அடக்குவதாக யாருக்கும் தோன்றவில்லை.

2021 கணக்கெடுப்பில் வட அயர்லாந்தில் கத்தோலிக்கப் பின்னணி உடையோர் 45.7 சதவீதம், புராட்டஸ்டன்ட் பின்னணி உடையோர் 43.5 சதவீதம். இனி எந்தத் தரப்பும் பெரும்பான்மையின் பலத்தில் தெருவைக் கோர முடியாது. ஆகவே பேச வேண்டும் என்ற இந்த விதி இருவருக்கும் பொருந்தியாக வேண்டும். 2013-இல் டைரோன் மாவட்டம் காசில்டெர்க்கில் தங்கள் தோழர்களுக்காக நினைவு அணிவகுப்பு நடத்திய குடியரசுவாதிகள், வன்முறையில் உறவுகளை இழந்த யூனியனிஸ்ட் குடும்பங்களின் மனத்தைப் பற்றி எவ்வளவு நினைத்தார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆய்வாளர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: முரசையும் கொடியையும் விவரிப்பதோடு நிற்காதீர்கள், எந்த ஊரில் யார் யாரிடம் பேசினார்கள், யார் பேச மறுத்தார்கள், மாற்றுப்பாதை இருந்ததா, அதை யார் நிராகரித்தார்கள் என்று ஊர் ஊராகத் தேடி எழுதுங்கள். அமர்வுகள் அந்தக் கேள்விகளோடு தொடங்கட்டும்.