வீட்டிலிருந்தே உளவியல்

வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் பி.ஏ. உளவியல் படிக்கலாம் என்று நினைக்கிறீர்களா? பணம் கட்டுமுன் ஒரு தகவல். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது, புதிதாக ஆள் சேர்க்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) சொல்லிவிட்டது. 2021-இல் வந்த சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்துக்குள் உளவியலும் அடங்குவதுதான் காரணம்.

ஆலோசகராக வேண்டுமானால், எதிரே உட்கார்ந்திருப்பவர் சொல்ல வந்து விழுங்கிய வார்த்தையைக் கவனிக்க நேரில்தான் பழக வேண்டும். அது நியாயம். ஆனால் ஆலோசகராகும் எண்ணமே இல்லாமல், ஆசைக்குப் படிக்க நினைத்த ஷிப்ட் தொழிலாளிக்கும் இல்லத்தரசிக்கும் சேர்த்துக் கதவைச் சாத்தியது கொஞ்சம் அதிகப்படி.

இன்னமும் “அட்மிஷன் நடக்கிறது” என்று யாராவது நோட்டீஸ் நீட்டினால், யூஜிசி அங்கீகாரப் பட்டியலைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.