கண்ணறிந்து வில்லை தேர்க



கண்புரை அறுவை என்றதும் நம்மில் பலர் கேட்கும் முதல் வினா, "எந்த லென்ஸ் உயர்ந்தது?" என்பதே. "என் கண்ணின் அளவு என்ன?" என்று கேட்போர் அரியர். அறுவையின் பயனோ இவ்விரண்டாம் வினாவையே பெரிதும் சார்ந்துள்ளது.

1949இல் இலண்டனில் ஹெரால்டு ரிட்லி என்னும் மருத்துவர் கண்ணுள் முதன்முதலாகச் செயற்கை வில்லையைப் பொருத்தினார். அதற்குமுன் புரை நீக்கப்பெற்றோர் தடித்த கண்ணாடியையே நம்பி வாழ்ந்தனர். அரவிந்த் கண் மருத்துவ அமைப்பினர் 1992இல் தொடங்கிய ஆரோலேப், வில்லையின் விலையைக் குறைத்து எளியோர்க்கும் எட்டச் செய்தது. ஆயினும், உரிய வில்லையைத் தேர்வது இன்றும் நுட்பமான பணியே.

விழியின் முன்பின் நீளம் பெரும்பாலோர்க்கு 23 அல்லது 24 மில்லிமீட்டர். இந்நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்தே வில்லையின் திறனைக் கணிக்கின்றனர். நீளத்தை ஒரு மில்லிமீட்டர் பிழையாக அளந்தால், பார்வையில் ஏறத்தாழ 2.5 முதல் 3 டயாப்டர் வரை பிழை நேரும். விழி 26 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டிருப்பின், பழைய சூத்திரங்களால் கணித்த வில்லை 'பிளஸ்' குறையை எஞ்சச் செய்யக்கூடும். 22க்குக் குறைந்த விழியிலோ திறன் மிகுந்த வில்லை வேண்டும். அது சற்றே முன்பின்னாக அமர்ந்தாலும் பார்வை பெரிதும் மாறும். இத்தகையோர்க்கெனப் புதிய சூத்திரங்கள் உள்ளன.

லேசர் சிகிச்சையால் கண்ணாடியைத் துறந்தவர்கள் அதனை மருத்துவரிடம் மறவாது கூறுக. கருவிழியின் வளைவு மாறியிருப்பதால் வழக்கமான கணக்கு பிழைபடும். பழைய மருத்துவக் குறிப்புகள் இருப்பின் உதவும். கூம்புபோல் புடைத்த கருவிழிக்குப் பல தொலைவுகளையும் காட்டும் விலையுயர்ந்த வில்லை பொதுவாகப் பொருந்தாது. ஒரே குவியமுடைய எளிய வில்லையே தக்கது. வில்லைப்பையைத் தாங்கும் நுண்ணிழைகள் தளர்ந்திருப்பின், பையை விரித்து நிறுத்தச் சிறு வளையம் ஒன்றும் வைக்க நேரிடலாம்.

இன்னொன்றும் கூற விழைகின்றேன். மிகுந்த கிட்டப்பார்வை உடையோர் பலர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு நூலை அருகில் ஏந்திப் படித்துப் பழகியவர்கள். தொலைவு முழுதும் தெளியுமாறு அவர்களுக்கு வில்லை பொருத்தினால், அந்தப் பேறு போய்விடும். படிப்பையே துணையாகக் கொண்ட முதியவர்க்கு அது சிறிய இழப்பன்று. சிறிதளவு கிட்டப்பார்வையை எஞ்சவிடுமாறு முன்னரே கேட்கலாம். பொருத்திய பின் மாற்றுவதென்றால் மற்றோர் அறுவை வேண்டும்.

ஆகவே, பெற்றோரை அறுவைக்கு அழைத்துச் செல்லும் இளையோரே, விலைப்பட்டியலைக் காணுமுன் அவர்கள் நாள்தோறும் எதனைக் காண விரும்புகின்றனர் என்று கேளுங்கள். அதனையும் கண்ணின் அளவையும் மருத்துவர்முன் வைத்து முடிவு செய்யுங்கள்.