தம்பிகள் போட்ட பாலம்



எனக்குக் கொடுத்த தலைப்பு, 'சதர்ன் கமாண்ட், அன்றும் இன்றும்'. அந்த ராணுவக் கமாண்டின் தலைமையகம் புனேயில் இருக்கிறது. அதைப் பற்றி பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். ஐயா, ஏரிக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பாருங்கள். எம்.இ.ஜி., ராணுவத்தின் பொறியாளர் படை, இருக்கிறது. மெட்ராஸ் சாப்பர்ஸ்! 1780 செப்டம்பர் 30ஆம் தேதி சென்னப்பட்டணத்தில் இரண்டே கம்பெனிகளாகப் பிறந்த படை. 1834ல் இந்த ஊருக்கு வந்தது. இன்றைக்குக் காஷ்மீரத்துப் பனியில் நிற்கிற சீக்கியரைக் கேளுங்கள், மெட்ராஸ் சாப்பரை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று. 'தம்பி' என்பார்! (கைதட்டல்) தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள், அவர்கள் காதிலும் விழட்டும்!

இந்த ஊர் கண்டோன்மென்ட் எப்படி வந்தது? திப்பு விழுந்த பிறகு பட்டாளம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியது. காய்ச்சலில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். 1809ல் பெங்களூருக்கு வந்தார்கள். பட்டாளத்தோடு வந்தவர்கள் யார்? துணி வெளுத்தவர், மாடு ஓட்டியவர், கல் உடைத்தவர், கணக்கு எழுதியவர், துப்பாக்கி தூக்கியவர். உங்கள் பாட்டனும் என் பாட்டனும்!

அன்றைக்கு மெட்ராஸ் ராணுவம், பம்பாய் ராணுவம், வங்காள ராணுவம் என்று மூன்று தனிப்படைகள். 1895 ஏப்ரல் 1ஆம் தேதி மூன்றையும் கலைத்து ஒன்றாக்கி, நான்கு கமாண்டாகப் பிரித்தார்கள். சதர்ன் கமாண்ட் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது அந்த நாளைத்தான். சரி, அதற்குக் கொடுத்த வேலை என்ன? தென்னாட்டை வெள்ளைக்காரனுக்குப் பத்திரமாக வைத்திருப்பது. நம் ஆளை வைத்தே நம் ஆளை அடக்குவது. இதைச் சொல்ல நான் கூச்சப்படவில்லை. எங்கே தொடங்கினோம் என்று தெரிந்தால்தான் எவ்வளவு தூரம் வந்தோம் என்று தெரியும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். சில நாள் முன்பு இன்னொரு மேடையில், ஊர் பேர் வேண்டாம், ஒரு பேச்சாளர் கேட்டாராம்: 'தமிழனுக்கும் பட்டாளத்துக்கும் என்ன சம்பந்தம்? அவன் பேனா பிடிக்கப் பிறந்தவன்.' கூட்டம் சிரித்ததாம். நண்பரே, இது நீங்கள் கண்டுபிடித்த பேச்சு அல்ல. ராபர்ட்ஸ் துரை பேசிய பேச்சு! 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்துக்குத் தளபதி. நம்மவர் சல்யூட்டை வாங்கிக்கொண்டே, தென்னாட்டானுக்குப் போர்க்குணம் இல்லை என்று தீர்ப்பு எழுதியவர். அதற்குப் பிறகு இந்தியாவுக்கே தலைமைத் தளபதி ஆனார். அவர் போட்ட விதை என்ன செய்தது? மெட்ராஸ் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. 1928 வாக்கில் கடைசிப் படையும் போயிற்று. இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் பற்றாமல் போனபோதுதான் மெட்ராஸ் ரெஜிமென்ட்டைத் திரும்ப எழுப்பினார்கள். இத்தனையிலும் கலைக்க முடியாமல் நின்றது நம் சாப்பர்ஸ்!

போர்க்குணம் இல்லையாம்! 1944 பிப்ரவரி 24, இத்தாலி தேசம், மிக்னானோ. கண்ணிவெடி வயல். செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர், சுபேதார் சுப்பிரமணியன், மெட்ராஸ் சாப்பர். கூட வந்தவன் கால் பட்டு வெடி விழித்துக்கொண்டது. நாலே நொடி. ஓடிப் பிழைத்திருக்கலாம். வெடிமேல் தன் உடம்பைப் போட்டார். சுற்றி நின்றவர்கள் பிழைத்தார்கள். ஜார்ஜ் கிராஸ் பெற்ற முதல் இந்தியர் அவர். அந்தப் பேச்சாளரிடம் யாராவது போய் இந்தப் பெயரைச் சொல்லுங்கள்! (கைதட்டல்)

முள்கம்பி வேலியை உடைக்க ஒரு குழாய் வெடி உண்டு. 1912ல் இதே ஊரில், இதே சாப்பர்ஸ் படையில், கேப்டன் மெக்ளின்டாக் செய்தது. நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படை இறங்கியபோது வேலியை உடைத்தது அந்தக் குழாய்தான். அதன் பெயர் இன்றைக்கும் உலகம் முழுக்க 'பெங்களூர் டார்பிடோ'. சுத்தியலும் ரம்பமும் கயிறும் பிடித்துப் போரை ஜெயித்தவர்கள் ஐயா இவர்கள்.

சுதந்திரம் வந்தது. வேலை மாறியது. நாட்டைச் சேர்த்துக் கட்டுகிற வேலை. 1948 செப்டம்பர் 13ல் சதர்ன் கமாண்ட் தளபதி ராஜேந்திரசிங்ஜியின் தலைமையில் படை ஹைதராபாத்துக்குள் நுழைந்தது. ஐந்தே நாளில் நிஜாம் பணிந்தார். 1961 டிசம்பரில் கோவா. நானூற்றைம்பது வருஷம் குந்தியிருந்த போர்ச்சுக்கீசியன் ஒன்றரை நாளில் கொடியை இறக்கினான். 1971ல் லோங்கேவாலா. பெயர்தான் சதர்ன் கமாண்ட், காவல் நின்றது ராஜஸ்தானத்து மணலில்! பஞ்சாப் ரெஜிமென்ட்டின் ஒரே கம்பெனி, நூற்றிருபது பேர் இருப்பார்கள், மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரி. எதிரே பாகிஸ்தான் டாங்கிப் படை. விடியும் வரை நகரவில்லை. விடிந்ததும் ஜெய்சல்மேரிலிருந்து நம் விமானங்கள் வந்தன. மீதியை நீங்கள் சினிமாவில் பார்த்திருக்கிறீர்கள்.

அந்த மணலில் கண்ணிவெடி எடுத்த ஒருவர் இந்த ஊரில்தான் இருக்கிறார். சுபேதாராக ஓய்வு பெற்றவர். பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். இந்தக் கூட்டத்தில்தான் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார். தேடாதீர்கள்! தேடினால் எழுந்து போய்விடுவார்.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்புகிறார், நேரம் ஆகிவிட்டதாம். ஐயா, இதை மட்டும் சொல்லவிடுங்கள். 1987 ஜூலை 29, ராஜீவ் – ஜெயவர்த்தனா ஒப்பந்தம். அமைதிப் படை இலங்கைக்குப் போனது. அதன் ஒட்டுமொத்தத் தலைமை சதர்ன் கமாண்ட் தளபதி திபிந்தர் சிங் கையில். தமிழனைக் காக்கப் போன படை, மூன்றே மாதத்தில் தமிழனோடு போரில் நின்றது. அந்த அக்டோபரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ளேயே டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதை நான் மறைத்துப் பேச மாட்டேன். மறைத்தால் இந்த நாக்கு தமிழ் நாக்கு அல்ல. அடுத்த மாதம், நவம்பர் 25ல், மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் தன் ஆட்களுக்கு உத்தரவு கொடுத்துக்கொண்டே விழுந்தார். பரம் வீர் சக்கரம். அவரும் தமிழர். சுட்டவனும் தமிழன். இந்த வேதனையை எந்தக் கட்சித் தராசில் நிறுப்பீர்கள்?

நம் சுபேதார் ஐயாவும் அங்கே போனார். ஒரு சாலையில் கண்ணிவெடி தேடிக்கொண்டிருக்கிறார். வேலியோரம் ஒரு கிழவி. இவர் தன் ஆளிடம் தமிழில் ஏதோ சொல்வதைக் கேட்டுவிட்டாள். கிட்டே வந்தாள். 'தமிழ்ப் பிள்ளையே நீ? பிறகேன் மோனே துவக்கோட வந்தனி?' என்றாள். இவரிடம் பதில் இல்லை. குனிந்து வேலையைப் பார்த்தார். அந்த வெடியை எடுத்தார். அவள் அந்தச் சாலையில் நடந்து போனாள். என்னிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டார்: 'தம்பி, அந்த அம்மாவுக்கு நான் என்ன சொல்லியிருக்கணும்?' நான் என்ன சொல்வேன்? கேள்வி கேட்க வேண்டிய இடம் டெல்லி. பதில் சொல்ல நின்றவன் அந்தச் சாலையில் தனியாக நின்றான். பட்டாளத்துக்கு வேலை கொடுப்பவன் வேறு, அந்த வேலையைச் சுமப்பவன் வேறு. ஆயிரத்து நூறு பேருக்கு மேல் இந்தியச் சிப்பாய்கள் அங்கே செத்தார்கள். 1990 மார்ச்சில் மிச்சம் இருந்தவர்கள் சென்னையில் கப்பலை விட்டு இறங்கியபோது, மாலை போட மாநிலத்தை ஆண்டவர்கள் வரவில்லை. அவர்கள் கோபத்துக்குக் காரணம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கோபத்தை டெல்லியிடம் காட்டியிருக்க வேண்டும். தலை குனிந்து இறங்கிய சிப்பாயிடம் காட்டியது என் நெஞ்சில் நெடுநாள் முள்ளாக நின்றது!

அந்த முள்ளை எடுத்தது எது தெரியுமா? வெள்ளம்! 2004 டிசம்பர் 26ல் ஆழிப்பேரலை. 2015ல் சென்னை மூழ்கியது. 2018ல் கேரளம் மூழ்கியது. ஒவ்வொரு தடவையும் சிப்பாய்கள் படகோடும் கயிறோடும் வந்தார்கள். 2024 ஜூலை 30, வயநாடு. மலை சரிந்து சூரல்மலையும் முண்டக்கையும் மண்ணுக்குள் போயின. ஆற்றுப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் அக்கரையில். யார் போனது? இந்த ஏரிக்கரை எம்.இ.ஜி.! பெங்களூரிலிருந்து லாரியில் இரும்பு போனது. டெல்லியிலிருந்து கண்ணூருக்கு விமானத்தில் இரும்பு வந்தது. முன்னால் நின்று வேலை வாங்கியவர் ஒரு பெண், மேஜர் சீதா ஷெல்கே, மகாராஷ்டிரத்து மகள். மழை விடவில்லை, மண் நிற்கவில்லை. 190 அடி நீளம், 24 டன் தாங்கும் பெய்லி பாலம். ஆகஸ்ட் 1 மாலைக்குள் எழுந்தது. அதன்மேல் ஆம்புலன்ஸ் போனது, மண் வாரும் எந்திரம் போனது. (கைதட்டல்)

தாய்மார்களே, 1895ல் நம்மை அடக்கிவைக்கத் திட்டமிட்ட ராணுவம், 2024ல் நம் பிணத்தைத் தோண்டி எடுத்துக் கையில் கொடுத்து, உயிரோடு இருப்பவனைக் கரை சேர்த்தது. இந்த மாற்றத்தைச் செய்தது ஆணைப் பத்திரம் மட்டும்தானா? நூற்று முப்பது வருஷமாக அந்தப் பத்திரத்தைத் தோளில் சுமந்தவன் செய்தான். எல்லையில் அதே படை இன்றும் ஆயுதத்தோடு நிற்கிறது, நிற்கத்தான் வேண்டும். ஆனால் நம் தெருவுக்கு அது ஆயுதமில்லாமல் வர வேண்டும் என்பதுதான் என் ஆசை, என் கோரிக்கை.

இன்னொரு கோரிக்கை உங்களிடம். அந்தப் பேச்சாளரின் கேள்விக்கு நான் மேடையில் பதில் சொன்னால் போதாது. உங்கள் வீட்டுப் பரணில் டிரங்குப் பெட்டி இருக்கிறது. அதற்குள் தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறது, பதக்கம் இருக்கிறது, பிரேம் உடைந்த படம் இருக்கிறது. எடுத்து வாருங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள், அவர்கள் உட்கார்ந்து எழுதட்டும். பெங்களூர்த் தம்பிகளின் வரலாறு, தமிழில், வருகிற செப்டம்பர் 30க்குள் அச்சேற வேண்டும். அச்சுச் செலவில் முதல் பங்கு என்னுடையது. சுபேதார் ஐயா, உங்களுக்குக் கொடுத்த வாக்கை இத்தனை நாள் காப்பாற்றினேன். அந்தப் புத்தகத்தில் உங்கள் பெயரைப் போட எனக்கு அனுமதி கொடுங்கள். மற்றவர்களே, பெட்டியைத் திறக்கச் சம்மதம் உள்ளவர்கள் கையைத் தூக்குங்கள்! பின்னால் நிற்பவர்களும் தூக்குங்கள்!